சாயங்காலப் புகை

"பச்சை வெறகுல தீ மூட்டுவியா சாமி?"

மாரக்காளைப் பெண் பார்க்க வந்த அன்று அங்காளம்மாள் அவளிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். களி கிண்டுவாயா, களை வெட்டுவாயா என்று எதுவும் கேட்கவில்லை. அங்காளம்மாள், மாப்பிள்ளை நாச்சிமுத்துவின் அண்ணன் பெண்டாட்டி. மாமியார் இல்லாத அந்த வீட்டில் அவள் பேச்சுத்தான் பேச்சு. மாரக்காளுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டாள். அவளுடைய அப்பன்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"என்ற புள்ள பொகையே இல்லாம மூட்டுவாளுங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது."

அங்காளம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "எங்களுக்குப் பொகைதானுங்களே வேணும்."

வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பனுக்கு விஷயம் விளங்கவில்லை. ஆனாலும் சிரிப்பில் கலந்துகொண்டார்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மாரக்காளுக்கு அது புரிந்தது. ஆலங்காட்டுப்புதூரில் நாச்சிமுத்து வீட்டார் மலைக்கு மாடு ஓட்டுகிறவர்கள். தை போய் ஊரில் சோளத்தட்டுப் போர் கரையத் தொடங்கினால், சொந்த மாடுகளோடு ஊர்க்காரர்களின் வறட்டுப் பசுக்களையும் கிடாரிகளையும் கன்றுகளையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போதமலைச் சரிவுக்குப் போய்விடுவார்கள். ஆடி மழை கண்டுதான் இறக்கம். அண்ணன் சின்னுசாமி கீழே காட்டையும் கிணற்றையும் பார்த்துக்கொள்வார். தம்பி மேலே பண்டம்பாடியை, அதாவது மாடு கன்றுகளை, பார்த்துக்கொள்வான்.

மேலே பட்டி போடுவதே ஒரு வேலை. ஓடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஓடைக்குள் இருக்கக் கூடாது. கோடை மழை மலை உச்சியில் பெய்தால் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். காய்ந்த மரத்தின் கீழே குடிசை போடக் கூடாது. மேலே தேன்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இடம் குதிர்ந்ததும் நாச்சிமுத்து கவைக்கம்பு நான்கு வெட்டி நட்டு, குறுக்கே கம்பு போட்டு, ஓணான்கொடியால் கட்டுவான். கொடியைத் தீயில் ஒரு வாட்டு வாட்டிக் கட்டினால் காய்ந்ததும் இரும்பு மாதிரி இறுகிக்கொள்ளும். மாரக்காள் மலைப்புல்லை அறுத்து வந்து கூரை வேய்வாள். பிறகு உடைமுள்ளும் இண்டமுள்ளும் வெட்டி இழுத்துவந்து, அடிக்கட்டை உள்பக்கமும் முள் வெளிப்பக்கமுமாக வட்டமாக அடைப்பார்கள். அதுதான் பட்டி. நடுவில் புகைமூட்டம் போடுகிற இடம். அதைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்க வேண்டும் என்பது காட்டிலாகா கார்டின் உத்தரவு.

அந்த வருஷம் மழை இல்லை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கடையில் தீப்பெட்டியும் கிடைக்கவில்லை, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. மலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நாச்சிமுத்துவின் இடுப்பில் எப்போதும் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதற்குள் சக்கிமுக்கிக் கல்லும் இரும்புத் துண்டும் பனம்பஞ்சும். பஞ்சைக் கல்லோடு சேர்த்துப் பிடித்து இரும்பால் ஒரு சொடுக்குச் சொடுக்குவான். பொறி பஞ்சில் விழுந்து சிவந்ததும் காய்ந்த சாணித்தூளுக்குள் வைத்து ஊதுவான். பீடி பற்றவைக்கிற நேரத்தில் தீ வந்துவிடும். மாரக்காள் செய்தால் விரல் தோல்தான் கிழியும்.

"என்ன புள்ள, கல்ல அடிக்கிறியா, கல்லுக்குத் தடவிக் குடுக்கிறியா?" என்று கேலி செய்வான்.

"நான் என்னுத்துக்கு அடிக்கோணும்? நெருப்பு அணையாமப் பாத்துக்கிட்டாப் போதாதுங்களா?" என்பாள். கணவனிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். அவள் சொன்னபடியே நெருப்புக் கங்கை வறட்டிச் சாம்பலுக்குள் புதைத்துப் புதைத்துக் காப்பாற்றினாள். பட்டி போட்ட நாளில் வந்த நெருப்பு அணைந்ததே இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அந்தக் கங்கின்மேல் சருகும் சாணியும் போட்டு, தீ எழும்பியதும் பச்சை நொச்சித்தழையையும் வேப்பந்தழையையும் அமுக்கி மூட்டம் போடுவார்கள். வெள்ளைவெளேரென்று புகை கிளம்பும். ஈயும் கொசுவும் ஓடும். மேய்ச்சலில் சிதறிய மாடுகள் புகையைப் பார்த்து, மணம் பிடித்து, தாமாகப் பட்டிக்குத் திரும்பும். சிறுத்தை கிட்ட வராது.

இன்னொன்றும் உண்டு. கீழே ஆலங்காட்டுப்புதூரில் அங்காளம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று மலையைப் பார்ப்பாள். சரிவில் புகை தெரிந்தால் மேலே சுகம். ஒரு சாயங்காலம் தெரியவில்லை என்றால் பொறுத்துப் பார்ப்பது. மறு சாயங்காலமும் தெரியவில்லை என்றால் கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு ஆள் ஏறுவது. அந்த வீட்டில் எழுதாமல் இருந்துவந்த ஏற்பாடு அது. மாமனார் காலத்தில் ஒரு தடவை பாம்பு கடித்தவரை அப்படித்தான் இறக்கிக் கொண்டுபோனார்களாம்.

பங்குனி கடைசியில் நாச்சிமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது.

முதலில் ஒரு நாள் மத்தியானம் கொளுத்துகிற வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சாயங்காலம் வேர்த்துக் கொட்டி எல்லாம் சரியாயிற்று. மறுநாள் நன்றாக இருந்தான். அதற்கு மறுநாள் அதே மத்தியானத்தில் திரும்பவும் பல் கிட்டியது. மாரக்காள் நிலவேம்பு பறித்துக் கசாயம் போட்டாள். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, கலங்கிய தண்ணீரில் தேத்தாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்து, கொதிக்கவைத்துக் கொடுத்தாள். மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை இருந்தால் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்காலத்தில் கீழே தபாலாபீசிலேயே அது இல்லை என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சின்னுசாமி மாவும் உப்பும் மிளகாயும் கொண்டு மேலே வந்தார். அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நாச்சிமுத்து அவளைக் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, அண்ணங்கிட்டக் காய்ச்சக் கீய்ச்சன்னு ஒண்ணும் வாயத் தொறக்காத. இப்பவே கட்டில் கொண்டாந்து தூக்கிட்டுப் போயிருவாரு. ஊர்ப் பண்டம் பூராவும் நம்மள நம்பி நிக்குது. இதுகள ஆரு பாக்கறது?"

"ஏனுங்க, நெதமும் இப்பிடித் தூக்கிப் போடுதுங்களே."

"நெதமும் எங்க போடுது? ஒரு நா உட்டு ஒரு நாதான. ஓய்வு குடுத்துத்தான் போடுது." சிரித்தான். பல் வெளுத்துத் தெரிந்தது, முகம் வெளுத்திருந்ததால்.

சின்னுசாமி வந்து மூட்டையை இறக்கினார். மாரக்காள் மயிலைப்பசுவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். கணவனின் அண்ணன் முன்னால் நேராக நிற்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய குரலைக் கேட்டிருக்கிறாள், காலைப் பார்த்திருக்கிறாள். முகத்தை முழுதாகப் பார்த்ததில்லை.

"என்னடா, மூஞ்சி சுண்டிப்போயிக் கெடக்குது?"

"சளியுங்கண்ணா. ஊத்துத் தண்ணி சேரல."

"இந்த வெயில்ல கம்பளி எதுக்குடா?"

"ஈத் தொந்தரவுங்க. நீங்க எதைப் பாத்தாலும் வெசனப்படுவீங்க. எருது வித்துப்போச்சுங்களா?"

"எருதும் விக்கல, எருமையும் விக்கல. தீனிக்கு வழியில்லாதப்ப எவன் வாங்குவான்? அங்காளா உன்ற பொகையப் பாத்துக்கிட்டுத்தான் சோறே திங்கறா. நேரமாச்சுன்னா என்னையப் போட்டு எடுக்கறா. காத்து எந்தப்பக்கம் அடிக்குதோ அந்தப்பக்கம் கழுத்தச் சாச்சுக்கிட்டு நிக்கறா." பிறகு அவர் பசுவைப் பார்த்துச் சொன்னார். "ஏ மயிலை, அம்முணிக்கு ஏதாச்சும் வேணுமான்னு கேளு."

பசுவின் முதுகில் கை வைத்திருந்த மாரக்காளுக்கு அந்த ஒரு கணம் கிடைத்தது. காய்ச்சல் என்ற ஒரு சொல் போதும். பசுவிடமே சொல்லியிருக்கலாம். அதற்கு வழக்கம் இடம் கொடுக்கும். ஆனால் பசுவுக்கு அப்பால் கணவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் வேண்டாமாம்னு சொல்லு மயிலை," என்றாள்.

சின்னுசாமி பொழுதோடு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு காய்ச்சல் நாள் விட்டு வரவில்லை. இறங்காமலே நின்றது. நாச்சிமுத்துவின் கண் மஞ்சளாயிற்று. களியைப் பார்த்தாலே குமட்டினான். கூழைக் கரைத்து ஊற்றினால் பாதி வெளியே வந்தது. பேச்சும் ஒரு மாதிரியாயிற்று. "கெணத்துல ஏத்தம் எறைக்கறது ஆரு? சத்தம் கேக்குது பாரு," என்பான். அங்கே கிணறு ஏது? சில சமயம் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "கெடாரிய அவுத்து உடு," என்று கையை நீட்டுவான்.

பக்கத்துச் சரிவில் பட்டி போட்டிருந்த சுப்பையன் தண்ணீர் வற்றியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலையின் மறுபக்கம் போய்விட்டான். கார்டும் சண்டைக்கு மரம் வெட்டுகிற இடத்துக்குப் போனவன் திரும்பவில்லை. உச்சியில் மலைக்காரர்கள் ஊர் இருந்தது. அங்கே ஏறுகிற நேரத்துக்குக் கீழேயே இறங்கிவிடலாம். கீழே இறங்குவதென்றால் அரை நாள். ஏறி வர இன்னும் அதிகம்.

ஒரு காலையில் அவன் அயர்ந்து தூங்கும்போது போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று மாரக்காள் கிளம்பினாள். சுரைக்குடுக்கையில் தண்ணீர் நிரப்பி அவன் தலைமாட்டில் வைத்தாள். குடிசை வாசலில் முள்படலைச் சாத்தினாள். கல்பாறைத் திருப்பம் வரைக்கும் ஓடினாள். அங்கே காற்றில் அவன் குரல் கேட்டது. யாரையோ கூப்பிடுகிற குரல். நின்றாள். கீழே ஊர்க் கிணற்று மேட்டுப் புளியமரங்கள் விரல் நுனி அளவுக்குத் தெரிந்தன. திரும்பவும் குரல் கேட்டது. அவள் வந்த வழியே மேலே ஓடினாள்.

அவன் முள்படலைக் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து இரத்தம். மூட்டக்குழிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தால் முகம் கங்கில் விழுந்திருக்கும்.

"எங்க போன?" என்றான், தெளிவாக.

"எங்கயும் போகலீங்க."

"போகாத."

"போகலீங்க."

அவளை மீறி அழுகை வந்தது. முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குப்பைமேனி கசக்கிக் கையில் வைத்துத் துணி சுற்றினாள். போக முடியாது என்பது முடிவாயிற்று. தூக்கிக்கொண்டும் போக முடியாது. பொதிமாட்டின்மேல் ஏற்றலாம் என்று பார்த்தாள். முறுக்கில்லாத உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. கயிறு போட்டுக் கட்டினால் தலை தொங்கிற்று. அந்த மாடு இறங்குகிற தடம் இரண்டு இடத்தில் படிக்கட்டு மாதிரி.

அப்போதுதான் அவளுக்குப் புகை நினைவு வந்தது.

இத்தனை நாளும் ஒரு சாயங்காலம் தவறாமல் அவளே மூட்டம் போட்டுவந்திருக்கிறாள். நாளுக்கு நாள் அவனுக்கு மோசமாகிக்கொண்டே போக, நாளுக்கு நாள் அவள் கீழே உள்ளவர்களுக்குச் சுகம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். மாட்டுக்கு, ஈக்கு, சிறுத்தைக்கு என்று நினைத்துப் போட்ட புகை அது. அதை அங்காளம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் மனசுக்கு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் மூட்டம் போடவில்லை. கங்கின்மேல் இன்னும் ஒரு கூடை சாம்பலைக் கொட்டினாள். ஒரு இழை புகைகூட இல்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மாடுகள் வரவில்லை.

கட்டைமணிச் சத்தம் சரிவில் அங்கங்கே கேட்டதே தவிர, பட்டிப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. அவள் குரல் கொடுத்துப் பார்த்தாள். வாழ்நாளில் உரக்கக் கத்தியறியாத குரல். பாறையைத் தாண்டிக்கூடப் போகவில்லை. மாடுகளுக்கு அந்தக் குரலும் பழக்கமில்லை. அவை அறிந்தது புகையைத்தான். அவள் புதருக்குள் இறங்கி மயிலையைத் தேடிப் பிடித்து, கழுத்துக் கயிற்றைப் பற்றி இழுத்துவந்தாள். மயிலையின் மணி கேட்டுப் பின்னாலேயே மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. இருட்டுவதற்குள் அடைத்துவிட்டாள். தலை எண்ணிப் பார்த்தபோது ஊர்க்காரர் மயில்சாமி வீட்டு, மலைக்கு வந்தபின் தலையீற்று ஈன்ற செவலைக் கிடாரியின் கன்று மட்டும் இல்லை. கிடாரி முள்வேலியோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

குடிசைக்குள்ளிருந்து நாச்சிமுத்து கேட்டான். "ஏன் பண்டம் கத்துது? பொகை போடலியா?"

"போட்டனுங்க."

"மணமே காணோம்."

"காத்து அந்தப்பக்கம் அடிக்குதுங்க."

அவன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அவனிடம் அவள் சொன்ன இரண்டாவது பொய் அது.

மறுநாள் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்த மாதிரி தெரிந்தது. பேச்சுக் குழறவில்லை. கூழ் உள்ளே தங்கியது. அவள் முகத்தைப் பார்த்து, "நீ எளைச்சுப் போயிட்ட புள்ள," என்றான். இன்னும் ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இன்றைக்கும் புகை தெரியாவிட்டால் ஆள் கிளம்பிவிடுவார்கள். விடியும்போது கட்டிலோடு வந்து நிற்பார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? கோபப்படுவான். எழுந்து அடிக்கக்கூட வரலாம். எழுந்திருக்க முடிந்தால் அதுவே போதும் என்று நினைத்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

கிடாரி காலையிலிருந்து மேயாமல் கத்திக்கொண்டிருந்தது. பால் கட்டி மடி கல்லாயிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் மாரக்காள் கன்றைத் தேடிக் கிளம்பினாள். மயிலையை முதலிலேயே கொண்டுவந்து பட்டியில் கட்டிவிட்டாள். அதன் மணியைக் கேட்டு மற்றவை வரட்டும் என்று.

"சித்த இருங்க. கன்னுக்குட்டி ஒண்ணு தடம் மாறிப்போச்சு. கண்ணுக்கெட்டுன தூரத்துலதான் இருப்பேன்."

"போயிட்டு வா," என்றான். "ஓடைக்கு அக்கட்டத் தேடு. தண்ணி மோந்து போயிருக்கும்."

அவன் சொன்னது சரியாக இருந்தது. ஓடைக்கு அப்பால் இரண்டு பாறைக்கு நடுவில் கன்று கால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உயிரோடு இருந்தது. அவள் கல்லை நெம்பி, காலை எடுத்துவிட்டு, கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சூடான வயிறு அவள் கழுத்தில் பட்டது. பல நாளைக்குப் பிறகு அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஒன்று கிடைத்துவிட்டது, மற்றதும் நடந்துவிடும் என்று தோன்றியது.

ஓடைக்கரை ஏறியதும் பார்த்தாள்.

பட்டியிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. வெள்ளையாக, கனமாக, நேராக மேலே போய், மரங்களுக்கு மேல் குடை மாதிரி விரிந்துகொண்டிருந்தது. அவள் போட்டது ஒருநாளும் அப்படி எழுந்ததில்லை. சரிவெல்லாம் கட்டைமணிகள் ஒரே பக்கமாகத் திரும்பின. புதர்களுக்குள்ளிருந்து மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு, பட்டியை நோக்கி அசைந்து அசைந்து போயின. கீழே சமவெளியில் வெயில் இன்னும் பாக்கி இருந்தது. ஊர் தெளிவாகத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் இதுவும் அப்படித்தான் தெரியும்.

கன்றைக் கீழே இறக்கிவிட்டு ஓடினாள்.

நாச்சிமுத்து மூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சாம்பலுக்கு அடியில் கங்கு இருப்பது அவனுக்குத் தெரியவில்லை போல. மூங்கில் குழாய் திறந்து கிடந்தது. துணி சுற்றிய கையால் கல்லை அடித்திருக்கிறான். துணியில் புது இரத்தம். நொச்சித்தழையை வேலியோரத்திலிருந்து எப்படி இழுத்துவந்தானோ, தரையில் அவன் முழங்கால் தேய்ந்த தடம் இருந்தது.

"பண்டம் கத்துச்சு," என்றான். மூச்சு வாங்கியது. "நீ ஒண்டியா எதையின்னு பாப்ப? அதான் நானே போட்டுட்டேன். பாரு, எல்லாம் வருது."

மாரக்காள் தழையை இழுத்து எறிந்தாள். குடத்துத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் புகை இன்னும் அதிகமாகக் கிளம்பியது. மண்ணை வாரி வாரிப் போட்டாள்.

"என்ன புள்ள பண்றே?"

"பொகை தெரியக் கூடாதுங்க. பொகை தெரியாம இருந்தாத்தான் ஆள் வருவாங்க. ஒங்களத் தூக்கிட்டுப் போறதுக்கு ஆள் வருவாங்க. நேத்தே நிறுத்திட்டனுங்க நான்."

அவன் அவளையே பார்த்தான். விளங்கிற்றா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு பட்டிக்குள் நுழைகிற மாடுகளைப் பார்த்தான். "எல்லாம் வந்துருச்சா பாரு," என்று சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் அர்த்தமாக ஒன்றும் பேசவில்லை. அன்றே காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது. கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. கை மட்டும் விரிப்பைப் பிராண்டிக்கொண்டிருக்கும். மாரக்காள் மறுநாள் புகை போடவில்லை. அதற்கு மறுநாளும் போடவில்லை. மாடுகளை மயிலையின் மணியைக் கொண்டே அடைத்தாள். மற்ற நேரமெல்லாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் சொட்டுவிட்டுக்கொண்டு இருந்தாள். கல்பாறைத் திருப்பத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. மூன்றாம் நாள் விடியற்காலமும் போயிற்று. யாரும் வரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் தடத்தில் கல் உருளுகிற சத்தம் கேட்டது. ஒரு ஆளின் சத்தந்தான். கூட்டமாக வருகிற சத்தம் இல்லை.

சின்னுசாமி தோளில் மாவு மூட்டையோடு மெதுவாக ஏறிவந்தார். கட்டில் இல்லை. கூட ஆளும் இல்லை. தூரத்திலிருந்தே வழக்கம்போலப் பசுவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஏ மயிலை, என்ன வெளையாட்டு இது? ஒரு நா பொகை வருது, ரண்டு நா வல்ல. உன்ற எசமானுக்குத் தழை பறிக்கச் சோம்பலா? அங்காளா என்ற உசுர எடுக்கறா. அன்னிக்கி ரண்டாம் சாங்காலம் வெயில் தாந்ததுமே, இன்னம் காணோம்னு அவ போட்ட கூச்சல்ல மயில்சாமி, இன்னொருத்தன்னு ஆளச் சேத்திக்கிட்டு, கட்டலத் தூக்கிக்கிட்டு, அடிவாரக் கோயில் வரைக்கும் வந்துட்டோம். அங்க வந்து அண்ணாந்து பாத்தா, சும்மா ஆனையாட்டம் பொகை. அப்பிடி ஒரு பொகைய இந்த வருசத்துல பாக்கல. மயில்சாமி திட்டுன திட்டு இருக்குதே. 'உன்ற தம்பி அங்க கறி தின்னுக்கிட்டு இருக்கறான், நாம கட்டலச் சொமக்கறோம்'னு. கட்டலத் தூக்கிட்டு எல்லாரும் திரும்பிட்டோம். இப்ப மறுக்கா ரண்டு நாளாக் காணோம்னு அவ சொன்னா, எவன் வருவான்? சரி, மாவும் தீந்திருக்கும், நானே ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்னு…"

மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். மாரக்காள் மயிலைக்குப் பின்னால் இல்லை. குடிசை வாசலில் உட்கார்ந்து, தலைத்துணி விலகியது தெரியாமல், அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நாச்சிமுத்துவின் தலை இருந்தது.

சின்னுசாமி ஓடிவந்து மண்டி போட்டார். தம்பியின் கன்னத்தைத் தட்டினார். "நாச்சி. டேய் நாச்சி. அண்ணன்டா." நெற்றியில் கை வைத்து, சுட்டதுபோல எடுத்தார். குடுக்கையிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அது கடைவாய் வழியே வழிந்தது. மூக்கடியில் விரலை வைத்து வெகு நேரம் அசையாமல் இருந்தார்.

"எப்ப இருந்து?"

"நீங்க போன தடவை வந்தப்பவே இருந்துதுங்க மாமா."

"சொல்லலியே அம்முணி."

அவள் கணவனின் நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கினாள். 

"அப்பறம் அந்தப் பொகை? அன்னிக்கு அந்தப் பொகை ஆரு போட்டா?"

"அவிகதானுங்க." அவள் குரல் தெளிவாகவே இருந்தது. "ஆள் வரட்டுமுன்னு நான் போடாம இருந்தனுங்க மாமா. கன்னு தேடப் போயிருந்தப்ப, பண்டம் ஊடு வந்து சேரட்டுமின்னு அவிகளே தவழ்ந்து வந்து போட்டுட்டாங்க. நான் மண்ணள்ளிப் போட்டு அமத்தறதுக்குள்ள…"

சின்னுசாமி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நரைத்த மீசை, கன்னத்தில் அம்மைத் தழும்பு. தம்பியின் கண்தான் அண்ணனுக்கும்.

அவர் எழுந்து தலை உருமாலையை அவிழ்த்தார். மாவு மூட்டைக் கயிற்றையும் அவிழ்த்தார். கம்பளியை நாலாக மடித்துத் தம்பியின் இடுப்புக்குக் கீழே கொடுத்து, அவனை உட்காரவைத்து, முதுகைக் காட்டிக் குத்தவைத்து, அவனுடைய இரண்டு கைகளையும் தன் தோளுக்கு மேல் இழுத்து மார்பில் சேர்த்து உருமாலையால் கட்டினார். மாரக்காள் கயிற்றை இடுப்பில் சுற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்தார். நாச்சிமுத்து அத்தனை லேசாக எழுந்துவந்தான். அவன் தலை அண்ணனின் கழுத்தோரம் சாய்ந்துகொண்டது.

"நானும் வாரனுங்க மாமா," என்றாள்.

அவர் சரிவில் சிதறி மேய்கிற மாடுகளை ஒருமுறை பார்த்தார். அவளும் பார்த்தாள். செவலைக் கிடாரியின் கன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுத்துவைத்த அடியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உசுரு இருக்குதுங்களா மாமா? அது ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சின்னுசாமி குனிந்து, முதுகுப் பாரத்தை ஒருமுறை உயர்த்திச் சரிசெய்தார். தொங்கிய கால் இரண்டையும் கைக்குள் அணைத்துக்கொண்டார். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போல, வாரேன் என்று சொல்லாமல் தடத்தில் இறங்கினார்.